உங்க டேப் செட்டைக் கழட்டிட்டேன்

என் ஆசை மாமாவுக்கு,

எழுந்து வந்து திட்டணும்னா திட்டுங்க, நான் ரெடி. உங்க டூரிஸ்ட் வேன்ல இருந்த டேப் செட்டைக் கழட்டிட்டேன். ஒரு ஸ்பீக்கர் செத்து, கேசட்டை முழுங்கி முழுங்கித் துப்பிக்கினு, ரெண்டு தட்டு தட்டினாத்தான் பாடற அதே பெட்டிதான். உசுரோட இருந்தவரைக்கும் என் விரல் அதுமேல பட விட்டீங்களா? கட்டின பொண்டாட்டின்னுகூட பாக்காம "ஏய், கைய எடு"ன்னுதானே கத்துவீங்க?

நீங்க போன மூணாவது மாசமே உங்க தம்பி வந்துட்டாரு. "பொம்பளைக்கு எதுக்கு அண்ணி வண்டி? வித்துட்டு நிம்மதியா இருங்க"ன்னாரு. நிம்மதியாம்! டிரைவர் மணியை வச்சு நானே கூடப் போறேன்னுட்டேன். ஆனா திண்டிவனத்துல யாரு வேன் கேட்டு வந்தாலும் "வீடியோ இருக்குதா?"ன்னுதான் முதல் கேள்வி. வருஷம் தவறாம உங்ககூட கோயில் சுத்தின விழுப்புரம் கோஷ்டியே படம் போடற வேனைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க. அவங்களும் போய்ட்டா வண்டியை வித்துத்தான் ஆகணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?

அதான் டிரைவர் சீட்டுக்குப் பின்னால ஸ்டாண்ட் அடிச்சு, பேட்டரியில ஓடற சின்ன டீவியும் டெக்கும் மாட்டிட்டேன். பிரேக் போட்டா ஹீரோ ரெண்டா தெரியறான். இருந்தாலும் சனங்க வாயைத் தொறந்துக்கினு பாக்குது.

முதல் ட்ரிப் அந்த விழுப்புரம் கோஷ்டியோட திருவக்கரை. சாமி பாத்துட்டு, பாதி சண்டையில விட்ட படத்தைப் பாக்க எல்லாரும் ஜல்தியா ஏறிட்டாங்க. நானும் கதவைச் சாத்திட்டு "போலாம் மணி"ன்னுட்டேன். அடுத்து இரும்பைங்கற ஊர்க் கோயில்ல இறங்கறப்பதான் பாக்கறோம், கோஷ்டியிலேயே வயசுல மூத்த பாக்கியம் பெரியம்மாவைக் காணோம்.

திருப்பிக்கினு ஓடினா, அந்தம்மா கோயில் வாசல்ல உக்காந்து மல்லாட்டைக் கடலையை உரிச்சுத் தின்னுக்கினு இருக்காங்க. "வண்டி கெளம்பினதைப் பாக்கலியா பெரியம்மா?"ன்னேன்.

"பாத்தேன். மைக்குல பேரு படிக்கலியே, டீசல் போடத்தான் போவுதுன்னு உக்காந்துக்கினேன். ஏழுமலை ஒருநாளாச்சும் பேரு படிக்காம வண்டியை எடுத்திருக்கானா?"

ஒவ்வொரு இடத்துலயும் கெளம்பறதுக்கு முன்னால அந்தப் பெட்டியோட மைக்கை எடுத்து, நோட்டைப் பாத்துப் பேரு படிப்பீங்களே. பேரு கேட்டாத்தான் அவங்க ஏறுவாங்க. முதல் பேரு உங்களுது. நீங்களே கூப்பிட்டு, நீங்களே "வந்தாச்சு"ன்னு சொல்லிச் சிரிக்க வைப்பீங்க. பெட்டியோட சேர்ந்து மைக்கும் போச்சு. பேரு படிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல மாமா. தப்பு என்னுதுதான்.

உங்க தம்பி விடுவாரா? "அண்ணன் செட்டுல கைய வச்சீங்க, பாத்தீங்களா? பேசாம வித்துடுங்க"ன்னு மறுநாளே வந்து நின்னாரு.

"ஆளை விட்டுட்டு வந்தது நானு, டீவி இல்ல. வண்டியை விக்கவும் மாட்டேன், பழைய பெட்டியை மாட்டவும் மாட்டேன். எனக்குத் தொண்டை இருக்குது"ன்னேன். மனுஷன் டீகூட குடிக்காமப் போய்ட்டாரு.

பேரு படிக்கறதா இருந்தா இன்னொரு வாட்டி வர்றோம்னு கோஷ்டி சொல்லிச்சு. நேத்து காலையில விழுப்புரத்துல எல்லாரும் கீழ நிக்க, நான் வேன் படியில ஏறி உங்க நோட்டைப் பிரிச்சேன். முதல் வரியில உங்க பேரு. பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியும் அதை நான் வாயால சொன்னதில்லியே. ரேஷன் கடையில கேட்டாகூட பக்கத்துல நிக்கறவங்களைத்தான் சொல்லச் சொல்லுவேன். அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தேன். மனசு கேக்கல. வேடிக்கை பாக்க வந்த உங்க தம்பி எதிர்க்கதான் நின்னுக்கினு இருந்தாரு.

"ஏழுமலை!"ன்னு கத்தினேன்.

டீக்கடையில இருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. உங்க தம்பி தலையைக் குனிஞ்சுக்கினாரு. பாக்கியம் பெரியம்மாதான் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கினு சொன்னாங்க: "வந்தாச்சு. அடுத்த பேரைப் படி."

இனிமே ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இப்படித்தான். புருஷன் பேரைச் சொல்றா பாருன்னு ஊர் பேசினா பேசட்டும், நீங்க கோச்சுக்கினாலும் கோச்சுக்குங்க. உங்க பேரைக் கூப்புடாம இந்த வண்டி நகராது.

ஏழுமலை பொண்டாட்டி,
அஞ்சலை