அலமேலுவின் இடது கை வார்த்தைகள்

அலமேலு, என் கண்ணே,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுதான் கல்வராயன் மலையிலிருந்து இறங்கினேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கள்ளக்குறிச்சி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நாம் பக்கத்துப் பக்கத்து மிஷின். நீ வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். நான் ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு போடுகிறவர் மகள். உன் மிஷினில் கீழ்வரிசைகள் எப்போதும் சிக்கிக்கொள்ளும். மேல்வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து எவ்வளவு நீளமான இங்கிலீஷ் வார்த்தை அடிக்கலாம் என்று நீதான் ஆரம்பித்தாய். ‘டைப்ரைட்டர்’ என்ற சொல்லே முழுக்க மேல்வரிசைதான் என்று நான் கண்டுபிடித்து ஆடிய ஆட்டம் ஒரு நாள்தான் நிலைத்தது. மறுநாள் வாசல் போர்டில் இருந்த ‘புரொப்ரைட்டர்’ என்ற சொல்லைக் காட்டினாய்.

“இதுவும் பத்தெழுத்துடி. தெனம் இதுக்குக் கீழதான் செருப்ப வுட்டுட்டு உள்ள போறோம்!”

அப்புறம் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் ஊர் ஆண்கள் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். “எங்க புள்ளைங்க படிச்சிட்டு எரும மேய்க்கணுமா? எங்க பங்கக் குடுங்க” என்று என் அண்ணன் செல்வராசு கத்தியபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

டைப்பிங் லோயர் பரீட்சை திருக்கோவிலூரில். பஸ் ஓடுகிறது என்றார்கள், ஏறிவிட்டோம். ரிஷிவந்தியம் தாண்டி ஒரு வளைவில் மரம் கிடந்தது. டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்குள் கற்கள் வந்தன. முன்கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. பின்சீட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தினார்கள். ஜனம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கியது. டிரைவரைச் சட்டையோடு இழுத்து ரோட்டில் போட்டு உதைத்தார்கள். அவர் வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. அப்போது ஒருவன் கொடுவாளை ஓங்கினான்.

“வாணாம்ணா! அவரு இன்னா பண்ணாரு?” என்று நீ குறுக்கே கையை நீட்டினாய்.

உன் வலது கையின் நான்கு விரல்கள் தார்ரோட்டில் விழுந்தன. கொடுவாளைப் பிடித்திருந்தவன் என் அண்ணன்.

என் தாவணியைக் கிழித்து உன் கையைச் சுற்றினேன். வழியெல்லாம் மரம். யாரோ ஒருவரின் டிராக்டரில், வயல் வழியாக, உன்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்று சாயங்காலமே போலீஸ் எங்கள் ஊருக்குள் புகுந்தது. ஓட முடியாத கிழவர்களைத்தான் அடித்தார்கள். என் அப்பாவின் முழங்காலை லத்தியால் உடைத்தார்கள். அவர் மரம்கூட வெட்டியதில்லை.

உனக்கு நினைவு தெளிந்ததும் முதலில் என்ன கேட்டாய்? “நீ பாத்தியா, தனம்?” பார்த்தேன் என்றேன். “அப்ப சொல்லு” என்றாய். யார் என்று நீ கேட்கவே இல்லை. உனக்கு முன்பே தெரியுமா? இத்தனை வருஷத்தில் நானும் அதைக் கேட்கவில்லையே.

நான் போலீஸில் சொன்னேன். அம்மா என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். “கூடப் பொறந்தவனயே காட்டிக் குடுக்கறியா? இந்த வூட்டுல உனுக்கு இனிமே சோறு கெடையாது!” நெற்றியில் ரத்தத்தோடு உன் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன்.

நீ அங்கே சும்மா இருக்கவில்லை. கட்டு பிரித்த அன்று டம்ளர், தட்டு எல்லாவற்றையும் சுவரில் அடித்து நொறுக்கினாய். பிறகு இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாய். “கட்டைவிரல் இருக்குது. ஸ்பேஸ் பாருக்கு அது போதும். இனிமே இடது கை அடிக்கற எழுத்துலயே வர்ற வார்த்தயா தேடுடி.” நீயே கண்டுபிடித்த முதல் வார்த்தை ‘ரிசர்வ்டு’. இடஒதுக்கீட்டுக்கான அதே இங்கிலீஷ் சொல். அதையே காகிதம் கிழியும்வரை அடித்துத் தள்ளினாய்.

கோர்ட்டில் அண்ணனின் வக்கீல் என் சாட்சியை ஒரே இங்கிலீஷ் வார்த்தையில் ஒதுக்கினார்: ‘எக்ஸாஜரேட்டட்’. ஊதிப் பெரிசாக்கிச் சொல்கிறேனாம். வெளியே வந்து நான் அழுதபோது நீ என் தோளை உலுக்கினாய். “தனம், அழுவாத. அந்த வார்த்த முழுக்க இடது கைடி! பதினோரு எழுத்து!” உன் கையை வெட்டிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, நாம் இரண்டு பேரும் கோர்ட் வாசலில் பைத்தியம்போல் சிரிக்கிறோம்.

வழக்கு நிற்கவில்லை. அண்ணன் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு, ஊரார் போட்ட மாலையோடு வெளியே வந்தான். உனக்கு டைப்பிஸ்ட் வேலை தர மாட்டோம் என்றார்கள். மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஆனாய், கல்யாணம் செய்துகொண்டாய், கவிதாவைப் பெற்றாய். எங்கள் ஜனம் கேட்ட பங்கும் கிடைத்தது. அண்ணன் மகள் அதில்தான் நர்ஸ் ஆனாள். அவள் நல்ல பிள்ளை.

நீ போனது கேட்டு அண்ணன் என் வாசலுக்கு வந்தான். எங்களுக்குள் பேச்சு நின்று எத்தனையோ காலம். “நானும் மலைக்கு வரேன்” என்றான்.

“வா. ஆனா தெரியாம பட்டுதுன்னு சொல்லாத. செஞ்சத சொல்லு.”

உன் வாசலில் நின்று கவிதாவிடம் சொன்னான். “உங்கம்மா கைய வெட்டனவன் நான்தாம்மா. டிரைவர சாவடிக்கத்தான் ஓங்கினேன். அவங்க வெரலு கீழ விழுந்தப்புறமும் பஸ்ஸு எரியறத பாத்து கைதட்டிக்கினு நின்னேன்.”

கைதட்டியது எனக்கே தெரியாது, அலமேலு.

காரியத்துச் சமையலுக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கவிதா கத்தியோடு எழுந்தாள். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நிதானமாக நடந்துவந்து அவனை ஓங்கி ஒரு அறை விட்டாள். கிழவன் மண்ணில் விழுந்தான். “சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இங்க மன்னிப்புன்னு எதுவும் கெடையாது. எறங்கிப் போங்க.”

அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து தனியாக இறங்கிப் போனான். நான் கூடப் போகவில்லை. கவிதா கீழே வைத்த கத்தியை எடுத்தேன். மீதிப் பூசணிக்காயை நான் வெட்டினேன்.

‘பெரியவர், மன்னித்துவிடம்மா’ என்று என்றைக்கும் அவளிடம் நான் கேட்க மாட்டேன். வேறு யாராவது கேட்க வந்தாலும் அவள் பக்கம்தான் நிற்பேன். இது உனக்கு என் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
தனம்