நிலா இல்லம்மா

என் அன்புப் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நல்ல சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகிற ஆள் மட்டும் எப்போதும் மாடிப்படி ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார், அதனால் நீ கவலைப்படாதே. நீ சுகம் என்று சொல்வதில்தான் எனக்குப் பாதி நம்பிக்கை. “சாப்டேன், சாப்டேன்” என்று நீ சொல்கிற வேகத்திலேயே அது வெறும் டீயும் ரொட்டியும்தான் என்று தெரிந்துவிடுகிறது. வேளைக்குச் சாப்பிடு கண்ணா, உடம்பைக் கெடுத்துக்கொண்டு பார்க்கிற வேலை என்ன வேலை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவளுக்குக் கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ நடுவில் வேறொன்று கேட்பாய், பக்கத்திலிருந்து அப்பா இன்னொன்று சொல்வார், கடைசியில் யாரும் எதையும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டோம். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

உன் தங்கை அந்த விண்வெளி ஹேக்கத்தானுக்குப் போனதுதான் விஷயம். நாடு முழுவதிலுமிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து ஒரே கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த சிக்கலுக்குக் கம்ப்யூட்டரில் வழி கண்டுபிடிக்கிற போட்டி என்று அவள் எவ்வளவோ விளக்கியும், அப்பா அதை மாரத்தான் என்றே பிடித்துக்கொண்டு “புது ஷூ வேணாமா?” என்று கேட்டார். இவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல், நிலாவில் கலம் இறங்குவதற்குச் சமதளமான இடம் தேடுவது. மேலிருந்து எடுத்த படத்தில் சின்னப் பாறை கண்ணுக்கே தெரியாதாம், ஆனால் வெயில் சாய்ந்து விழும்போது அதன் நிழல் மட்டும் நீளமாகத் தெரியுமாம். அந்த நிழலை வைத்துப் பாறையின் உயரத்தைக் கணக்குப் போடுகிற வேலைதான் உன் தங்கையுடையது. எனக்குப் புரிவதற்காகச் சமையலறை மேடையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்தும் இன்னொன்றை நிமிர்த்தியும் வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துக் காட்டினாள். கவிழ்த்த கோப்பைக்கு வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிரே நிழல் விழுந்தது, நிமிர்ந்த கோப்பையின் உள்ளே வெளிச்சம் வருகிற பக்கத்துச் சுவரே இருட்டாக இருந்தது. முதலாவது பாறை, இரண்டாவது பள்ளம், அவ்வளவுதான்மா என்றாள். டார்ச் பேட்டரியைத் தீர்த்துவிட்டாள் என்பது வேறு கதை.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நம் வீட்டு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறானே, அந்த நெட்டையன். இன்னொருத்தி கண்ணாடிக்காரி, பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். கடைசிச் சுற்றில் அவரவர் செய்த பகுதியை அவரவரே மேடையில் விளக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். இவளுக்குத் திக்குமே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால்தானே அன்றைக்கே கூப்பிட்டு “அவ பேசறத முன்னாடியே வீடியோ எடுத்துப் போட்டுடச் சொல்லும்மா, இல்லன்னா நெட்டையன் பேசட்டும்” என்றாய். நானும் அதையேதான் சொன்னேன். அவளுடைய பேராசிரியை கூட, திக்கல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதிக் கேட்டால் விதியைத் தளர்த்துவார்கள் என்றாராம். இவள் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். “எ… என் நிழல நான்தான் சொல்லுவேன்.” அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் மனசுக்குள் படாத பாடு பட்டேன். நூறு பேர் நடுவில் பிள்ளை வார்த்தை வராமல் நின்று, யாராவது சிரித்து, அதோடு இனிமேல் வாயே திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது?

கடைசி நாள் பெற்றோரை உள்ளே விட்டார்கள். பெரிய கூடம், தரையெல்லாம் ஒயர், மேசைக்கு மேசை பிஸ்கட் பாக்கெட், பிள்ளைகள் தலைவாரி நாளாகியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். நெட்டையன் முதலில் பேசினான், நன்றாகவே பேசினான். அடுத்து உன் தங்கை மைக் முன்னால் வந்தாள். அப்பா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. “எங்க புரோகிராம் தேடறது, நி…” என்று ஆரம்பித்து அங்கேயே நின்றாள். “நி… நி…” நீ நம்ப மாட்டாய், நான் யோசிக்கவே இல்லை. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் இல்லையா, அது தானாகவே கிளம்பி “நிலா!” என்று கூடம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. அப்பா கையை விட்டுவிட்டு, நான் யாரோ என்பது போல் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். அவள் என்ன செய்தாள் தெரியுமா, அழவில்லை, இறங்கி ஓடவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நேராகப் பார்த்து, மைக்கிலேயே சொன்னாள். “நி… நிலா இல்லம்மா. நி… நிழல்.” பிறகு நடுவர்கள் பக்கம் திரும்பி, “நிலாவப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் நி… நிழலப் பத்திச் சொல்றேன்” என்றாள். இந்தத் தடவையும் சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு, கூடவே கைதட்டலும் வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து கேட்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் திக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நிறையத் திக்கினாள். நேரம் முடிந்தது என்று மணி அடிக்க ஒருவர் கையைத் தூக்கினார், “இ… இன்னும் முடிக்கல சார்” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள், அவரும் கையை இறக்கிவிட்டார். நடுவர் அம்மா ஒரு கேள்வி கேட்டார், உங்கள் புரோகிராம் பள்ளத்தைப் பாறை என்று ஏமாறாதா என்று. பதிலின் முதல் எழுத்திலேயே இவள் மாட்டிக்கொண்டாள். நெட்டையனுக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தான், கண்ணாடிக்காரி அவன் காலை நன்றாக மிதித்தாள். எனக்கும் அப்படி ஒருத்தி பக்கத்தில் இருந்திருக்கலாம். எல்லோரும் காத்திருந்தோம். இவள் மேசையிலிருந்த டீக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், போன் வெளிச்சத்தை அடித்தாள், தன் வாயாலேயே முழுப் பதிலையும் சொல்லி முடித்தாள். கோப்பையில் டீ மிச்சம் இருந்தது, அது நெட்டையன் சட்டையில் போயிற்று. என் பிள்ளை பேசி நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் “அது என் பொண்ணு” என்றேன். “தெரியும், நீங்கதானே நிலா” என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, சின்ன வயதில் கடைக்குப் போனதைச் சொன்னாள். பெப்பர்மின்ட் கேட்க “பெ” என்று ஆரம்பித்தால், அண்ணன் “பென்சில்” என்று முடித்து வாங்கிக் கையில் கொடுத்துவிடுவானாம், இவளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாளாம். இந்தப் பிள்ளைக்குப் பென்சில் என்றால் உயிர் என்று இத்தனை வருஷமாக நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! நீ அவள் மேல் வைத்த பாசத்தில்தான் செய்தாய், அது அவளுக்கும் தெரியும். “அண்ணன திட்டாதம்மா, சும்மா சொன்னேன்” என்றாள். திட்டவில்லை, தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன்.

முடிவு என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினோம், மெசேஜ் மேல் மெசேஜ் போட்டதையும் பார்த்தோம். அப்பா பதில் டைப் செய்து அழித்தார், மறுபடி டைப் செய்தார், போனைப் பிடுங்கி வைத்தேன். முடிவு எனக்குத் தெரியும், ஆனால் எழுதப்போவதில்லை. அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இணையத்தில் தேடாதே. ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரியாதவன் போல இரு.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய ஆசியும். கடிதம் கிடைத்ததும் ஒரு வரி மெசேஜ் போடு, அன்றைக்கு மாலையே அவள் கூப்பிடுவாள். முதல் எழுத்திலேயே நிற்பாள், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அவசரப்பட்டு நீ சொல்லிவிடாதே. லைன் கட்டாகிவிட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றும் கத்தாதே கண்ணா, அவள் லைனில்தான் இருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா