டஸ்டர் என் கையில் இருந்தபோது

அக்காவுக்கு,

மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்றும் முப்பது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஊரே இரண்டுபட்டுக் கிடக்கும் விஷயத்தை வகுப்பில் எப்படிப் பேசவைப்பது என்ற அதே பாடம்தான். நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும், டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும், யாரும் குறுக்கிடக் கூடாது. போன வருடம் இதே அறையில் நீ என் காதைத் திருகி, "வாத்தியாருக்கே வாத்தியாராடா நீ?" என்றாய். அப்புறம் நீ ஒருத்திதான் அதை உன் வகுப்பில் நிஜமாகவே செய்து பார்த்தாய்.

உன் மாணவி டஸ்டரை வாங்கிக்கொண்டு, பிழைக்க வந்தவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தது தன் அப்பாதான் என்று சொன்னாள். நீ குறுக்கிடவில்லை. தீ வைத்தவன் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். விசாரணை உனக்கு.

"இப்படிப் பேச விடுங்கன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று அந்த விசாரணையில் அதிகாரி என்னைக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே அந்தத் தீ வைத்தவனும் அவன் ஆட்களும் நின்றார்கள். நான் சொன்ன பதில் உன் காதிலும் விழுந்தது. அதை இங்கே எழுதக் கை வரவில்லை. அன்று மாலையே உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்று பயிற்சி முடியும்போது ஒரு டீச்சர் கேட்டார்: "நாளைக்கு நாங்க மாட்டிக்கிட்டா, நீங்க வந்து எங்களுக்காகப் பேசுவீங்களா சார்?"

டஸ்டர் என் கையில்தான் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே யாரும் குறுக்கிடாமல், மணி அடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

உன் தம்பி