இந்த முறை கொடி அடைவுக்குப் போகாது

ஆனி 6, சனி
சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. காயப்போட்டதெல்லாம் மறுபடி தோய்க்க வேண்டும்.

பின்னேரம் கோவில் மண்டபத்தில் தம்பதிகளுக்கு வரவு செலவு வகுப்பு. பாதர் கட்டாயம் என்றதால் இவரும் வந்தார், சேட்டு மாற்றி. மிஸ் வங்கிக்காரி. சம்பளம் வந்த அன்றே உறை உறையாகப் பிரித்துப் போடட்டாம்.

"மிஸ், கடல் எந்தத் திகதியிலை சம்பளம் போடும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

உறைகள்: அரிசி சாமான். மகள் ஜெனியின் பள்ளிக்கூடம். எஞ்சின் எண்ணெய். வலை. மருந்து. கோவில்.

ஆனி 17, புதன்
நிலவு காலம். வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும், ஒன்றும் படாது. உறைகள் காலி. கோவில் உறையில் மட்டும் கொஞ்சம். எடுத்துப் பால்மா வாங்கினேன். இவருக்குக் கோபம்.

"அது ஆண்டவற்றை காசு."

"ஆண்டவர் ஜெனிக்குப் பால் குடுக்க வேண்டாமெண்டவரோ?"



பிழை எங்கே என்று பிறகுதான் பிடிபட்டது. மாதச் சம்பளக்காரர் மாதிரி முதலாம் திகதியிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறோம், இரண்டு மடையர்களும். எங்கள் வீட்டில் காசு இருட்டில் வரும், நிலவில் போகும். இனி அமாவாசையிலிருந்து அமாவாசை வரை ஒரு கணக்கு. இருட்டு நாளில் மீன் விற்ற காசில் முதல் பங்கு நிலவுக்கு, பிஸ்கட் டின்னில்.

"நீ அந்த மிஸ்ஸுக்கே படிப்பிப்பாய்" என்றார். கோபம் போய்விட்டது, இருவருக்கும்.

ஆனி 30, செவ்வாய்
இருட்டு. நல்ல மீன். டின் நிரம்புகிறது. தேங்காய் விலை கேட்டு வாங்காமல் திரும்பினேன்.

பின்னேரம் மச்சாள், இவருடைய அக்கா. அடுத்த மாதம் ஜெனி முதல்முதல் நற்கருணை வாங்குகிறாள், அந்த விருந்தைப் பற்றிக் கேட்க வந்தார்.

"ஜெனியின்ரை முதல் நன்மைக்கு ஹோல் பிடிச்சாச்சோ?"

"வீட்டிலைதான் மச்சாள்."

"எங்கடை குடும்பத்திலை ஆரும் வீட்டிலை வைச்சதில்லை. வீடியோவும் இல்லையோ? காசில்லாட்டி உம்மடை கொடியை வையும். பிறகு மீட்கலாம்தானே."

பிறகாம்! ஜெனியின் ஞானஸ்நானத்துக்கு அடைவுக்குப் போனது அந்தத் தாலிக்கொடி. மச்சாள் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மோதிரம் போடவும் போனது. வட்டி கட்டி நொந்து, இந்த உயிர்த்த ஞாயிறுக்குத்தான் கழுத்துக்கு வந்தது. கவரிங் சங்கிலியோடு பூசைக்குப் போன வருசங்களை நான் மறக்கவில்லை.

"கொடி போகாது மச்சாள்."

இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. மச்சாளை விட அதுதான் எரிச்சல்.

ஆடி 1, புதன்
சண்டை.

"சனம் என்ன கதைக்கும்?"

"சனமோ வந்து வட்டி கட்டினது?"

சாப்பிடாமல் கடலுக்குப் போனார். கோபத்தோடு அனுப்பியது பிழை. பயமாக இருந்தது, செபமாலை சொன்னேன். அவர் பத்திரமாக வரவேண்டும் என்று மட்டும். கொடி விசயத்தில் மாதாவைக் கேட்க ஒன்றுமில்லை, நான் முடிவெடுத்துவிட்டேன்.

ஆடி 2, வியாழன்
வந்தார். குளித்தார், சாப்பிட்டார். முதல் பங்கைத் தானே டின்னில் போட்டார். ஹோல் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இறங்கிப் போனது மாதிரி.

ஜெனிக்குச் சப்பாத்து சின்னதாகிவிட்டது.

ஆடி 19, ஞாயிறு
முதல் நன்மை. நிலவு காலம், கடலில் ஒன்றும் இல்லை. எல்லாம் டின் காசு. ஜெனிக்கு ஞானத்தாய் தந்த வெள்ளைச் சட்டை, தலையில் வைக்கப் பூமுடி. அழகாக இருந்தாள், அழுதேன். கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். வேண்டுமென்றேதான்.

வீட்டில் பந்தல். நானே செய்த கேக், ஒரு பக்கம் சரிவு. பெரிய கிடாரத்தில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ்: நண்டு, றால், பயற்றங்காய். ஆளுக்கொரு பனையோலைப் பிளாவில் ஊற்றினோம். பாதர் சட்டையெல்லாம் கூழ்.

மச்சாள் பட்டுச்சேலையில் வந்தார். கிடாரத்தை எட்டிப் பார்த்தார். இவரிடம், எல்லாருக்கும் கேட்க:

"முதல் நன்மைக்குக் கூழோ? உனக்கு வெக்கமில்லையோடா?"

இவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"முந்தி இருந்தது அக்கா. வட்டி கட்டிக் கட்டி முடிஞ்சுபோச்சு. பிளாவைப் பிடியுங்கோ."

சிரிப்பை அடக்கப் பார்த்தேன். பிறகு, ஏன் அடக்க வேண்டும்?