இரண்டு கையெழுத்து

ஸ்ரீரங்கம்
9 ஜூன் 2025

அன்புள்ள பாலுவுக்கு,

நலம். கைலாசபுரத்தில் நீங்களும் நலம்தானே? போனில் பேசினால் நம் இருவர் குரலும் உயர்ந்துவிடுகிறது. பக்கத்து அறையில் உங்கள் அப்பாவுக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் லீசுக்கு எடுத்த காரை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவால் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார முடியவில்லை. போன வாரம் பிசியோதெரபிக்குக் கிளம்பும்போது நானும் வாட்ச்மேன் பிச்சமுத்துவும் தூக்கி ஏற்றினோம். தலை கதவில் இடித்துவிட்டது. "இனிமே நான் எங்கயும் வரலம்மா, விட்டுடு" என்றார். அன்றிலிருந்து படுக்கைதான்.

சக்கர நாற்காலியோடு ஏறுகிற மாதிரி ரேம்ப் வைத்த வேன் அதே கம்பெனியில் இருக்கிறது. காரை விடுவித்தால்தான் அது கிடைக்கும். அதற்கு நாம் இருவருமே கையெழுத்துப் போட வேண்டுமாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

சுபஸ்ரீ


கைலாசபுரம்
14 ஜூன் 2025

அன்புள்ள சுபா,

கடிதம் கிடைத்தது. இங்கே கேன்டீன் சாப்பாடு, வெயில், ஷிப்ட். வேறென்ன சொல்ல?

நான் தனியாக வந்த பிறகு பாங்குக் கணக்கைப் பிரித்தாய். வாடகை ஒப்பந்தத்தை உன் பெயருக்கு மாற்றினாய். நம் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து மிச்சமிருப்பது அந்தக் காரில் மட்டும்தான். அதையும் முறிக்க இப்போது அப்பாவைக் காரணம் சொல்கிறாய். பாதியில் விட்டால் அபராதம் வேறு. காலம் முடியட்டும், பார்க்கலாம். அதுவரை அப்பாவுக்கு ஆட்டோ வைத்துக்கொள்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபப்படாதே.

அன்புடன்,
பாலு


ஸ்ரீரங்கம்
18 ஜூன் 2025

பாலுவுக்கு,

ஆட்டோ வைத்துப் பார்க்காமலா உங்களுக்கு எழுதினேன்? அதிலும் அவரை ஏற்ற முடியவில்லை. கார் கீழே நிற்கிறது. அப்பா படுக்கையில் கிடக்கிறார். நான் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடக்கிறேன். போடாத ஒரு கையெழுத்தால் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. அப்பாவுக்காக மட்டும் கேட்கவில்லை. அன்று சண்டையில் காவிரிப் பாலத்து நடுவில் இந்தக் காரை நிறுத்தி, "இறங்கு" என்றீர்கள். இறங்கினேன். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மறுபடியும் அந்தப் பாலத்தில்தான் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அப்பாவை நீங்களே காரில் ஏற்றுங்கள். முடிந்தால் இனி நான் கேட்கவே மாட்டேன்.

சுபஸ்ரீ


கைலாசபுரம்
23 ஜூன் 2025

அன்புள்ள சுபா,

நேற்று அங்கிருந்து எடுத்து வந்த படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று அப்பாவைத் தூக்கியபோது இவ்வளவு இளைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கால் மடங்கவே இல்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கீழ போட்டுடாதடா பாலு" என்றார். நீ பின்னால் நின்றாய். திட்டியிருந்தால் தேவலை.

பாலத்துக்கு அன்றைக்கே நான் திரும்பி வந்தேன். நீ அங்கே இல்லை.

புது வேன் ஒப்பந்தத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள். மாதாமாதம் பாதி நான் தருகிறேன். மறுக்காதே.

அன்புடன்,
பாலு


ஸ்ரீரங்கம்
11 ஜூலை 2025

அன்புள்ள பாலுவுக்கு,

கார் போயிற்று. வேன் வந்துவிட்டது. அப்பா மூன்று முறை பிசியோதெரபிக்குப் போய் வந்துவிட்டார். நேற்று வரும் வழியில் காந்தி மார்க்கெட் பக்கம் போகச் சொன்னார். வண்டிக்குள் இருந்தபடியே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார்.

உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை. ஒப்பந்தம் ஐந்து வருடம் என்றதும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒன்றிலிருந்து வெளியே வந்து, உடனே இன்னொன்றிலா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கம்பெனியில் இருந்த பெண், "யோசிச்சிட்டு நாளைக்கு வரீங்களா மேடம்?" என்றாள். வேண்டாம் என்று அப்போதே தனியாகக் கையெழுத்துப் போட்டேன்.

கைலாசபுரம் போகிறீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "நீ அனுப்பினா போறேன்" என்றார். நான் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்க வாருங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் இருக்கும் நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். சாவி பிச்சமுத்துவிடம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபஸ்ரீ