அழித்ததற்குச் சான்று இல்லை

இன்று காலை, மனைவியுடனும் மனசாட்சியுடனும் கலந்து பேசிய பின், கைபேசியில் சேர்ந்துவிட்ட காலை வணக்கப் படங்களை அழிப்பதென்று முடிவெடுத்தேன். ரோஜா, சூரியன், ஆவி பறக்கும் டீ எதற்கும் விலக்கு அளிக்கவில்லை. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கேட்டது கைபேசி. அந்த 'நிச்சயமாக'வுக்கே வாழ்நாளைக் கொடுத்தவன் நீ, நண்பா.

ராயபுரம் கேரம் மன்றத்து ஆண்டுவிழாவில் நீயே கட்டிய கானாவைப் பாடினாய். நடுவில் வரி மறந்து, மிச்சத்தை லாலல்லாவில் ஒப்பேற்றினாய். நான் கைபேசியில் வீடியோ பிடித்தேன். மறுநாளே வந்து நின்றாய்.

"அத்த அழிச்சிடு மாமு. ஆபீஸ்ல பாத்தா மானம் பூடும்."

உன் கண்ணெதிரே அழித்தேன்.

"வேற எங்கியும் காப்பி இல்லன்னு இன்னா கேரண்டி?"

"நான் சொல்றேன்ல?"

"நீ சொல்றதுதாம்பா பேஜாரு."

நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்க்கத்தானே உனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்! உங்கள் ஆய்வுக்கூடத்தில் ரகசியத்தைப் பூட்டி ஒளித்துகள்களில் ஏற்றுவீர்கள். அவற்றை நகலெடுக்க முடியாது. ஒரு விதமாக அளந்தால் ரகசியத்தைப் படிக்கலாம். வேறு விதமாக அளந்தால் அழித்ததற்குச் சான்று கிடைக்கும். அந்தச் சான்றைப் பெற்றுவிட்டால், பிறகு சாவி கிடைத்தாலும் படிக்க ஒன்றும் இராது.

"கீறது ஒரே அடி மாமு," என்று கேரம் பலகையில் காட்டினாய். "இந்த மூலைக்கு அட்ச்சிட்டா அந்த மூலைக்கு இல்ல. காய் வுழுந்ததுதான் சாட்சி."

என் கைபேசிக்கு அந்த யோக்கியதை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட "அந்த வீடியோ?" என்று கேட்டாய்.

நீ போனபின் வந்த மழைக்காலத்தில் உன் மகள் வந்தாள்.

"மாமா, அப்பா பாடுன வீடியோ உங்களாண்ட கீதாமே? அவரு பாட்டு ஒண்ணுகூட எங்களாண்ட இல்ல."

"அப்பவே அழிச்சிட்டேம்மா."

"உங்க பேச்ச நம்பாதன்னு அப்பா சொல்லிக்கீறாரு. தேடுங்க."

தேடினேன். இல்லை. இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை. அடுத்த ஞாயிறு பழைய கைபேசியைத் தேட வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு மெமரி கார்டை. தேடித் தேடிச் சலித்து, "எப்படித்தான் பாடுனாரு?" என்று கேட்பாள். பாடிக் காட்டுவேன், லாலல்லா உட்பட. எனக்குக் குரல் கிடையாது. ஆனால் உன் பாட்டு இப்போது முழுசாக மனப்பாடம். மீன் வாங்கப் போனாலும் வாயில் வருகிறது.

போன ஞாயிறு நான் பாடுவதை அவள் படம் பிடித்தாள். அது கொருக்குப்பேட்டையில் உன் அக்கா வீடு வரை போயிருக்கிறது.