வெள்ளக்கடைக்கு நான் போன காரணம்

டிசம்பர் 9, திங்கள்

இன்றும் பத்தாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. காப்பிப் பழம் பழுத்துவிட்டால் எங்கள் பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பதே வேடிக்கைதான். எஸ்டேட்டில் ஆள் பற்றாக்குறை; அம்மா அப்பாவோடு பிள்ளைகளும் கூடையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் காலி பெஞ்சுகளுக்கு முக்கோணவியல் நடத்தினேன்.

தலைமையாசிரியர் சந்திரசேகர் சார் சேலத்தில் கூட்டம் முடிந்து வந்திருந்தார். முகமே சரியில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய தலைமையாசிரியர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்களாம். இவர் ஒவ்வொரு வருடமும் கீழே உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருகிறார். ஓய்வு பெறும் நாளும் நெருங்குகிறது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

டிசம்பர் 12

புவனேஸ்வரி. சார் இந்த ஒரு பெயரைத்தான் எடுத்தார். வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்துப் பெண். கணக்கில் ஒரு தேர்விலும் தேறியதில்லை. காப்பி தொடங்கியதிலிருந்து ஆளும் இல்லை. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டால் பள்ளிக்கு நூறு சதவீதம் நிச்சயம் என்கிறார். அவள் அம்மாவை வந்து கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டுமாம். பொம்பளை போனால் பக்குவமாகச் சொல்லலாமாம்.

கணக்கு என் பாடம். அவள் கோட்டை விட்டால் கேள்வியும் எனக்குத்தான். சரி சார் என்றேன்.

ஏன் சரி என்றேன்?

டிசம்பர் 14, சனி

வெள்ளக்கடை போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் வழியாக ஏற்றம். ஒரே பனிமூட்டம். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. படிப்பு வராவிட்டால் என்ன, தையல் கற்றுக்கொள்ளட்டுமே என்று ஆரம்பிப்பதாக முடிவு செய்திருந்தேன்.

புவனேஸ்வரியின் அம்மா அத்தாயி பனி விலகிய களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எனக்கு மூச்சு வாங்கி அடங்கவில்லை, அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சரே ஊடு தேடி வந்துட்டீங்க. எம்புள்ள படிப்பு மேல உங்களுக்கு இத்தன அக்கறைங்களா. தப்பு எம்மேலதானுங்க. திங்கக்கெழம அவ வந்துருவாளுங்க. இனிமே பழம் எடுக்கக் கூப்புட மாட்டனுங்க."

களத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு எந்த வாயால் டி.சி. பேச்சை எடுப்பது? அவர் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு, அனுப்பிவையுங்கள் என்று சொல்லி வந்துவிட்டேன். வெகுளி மனுஷி, தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டார். கிளம்பும்போது கும்பிட்டார். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 16

வந்துவிட்டாள். முதல் பெஞ்சு. விரலெல்லாம் காப்பிக் கறை.

அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று சாரிடம் சொன்னேன். பாதிப் பொய். "அப்ப அந்தப் புள்ள உங்க பொறுப்பு டீச்சர்" என்றார்.

ஜனவரி 28

பின்னங்களைக் கூட்டத் தெரியாமல் பத்தாம் வகுப்புவரை வந்திருக்கிறாள். கத்திவிட்டேன். பிறகு, இவளுக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தது யார் என்று விசாரித்தேன். யாரும் இல்லை. அந்த வருடம் பணியிடமே காலி. அவள்மேல் கத்தி என்ன பயன்?

மார்ச் 3

தொடுகோடு வரைகிறாள். வரைபடமும் வந்துவிட்டது. தேறிவிடுவாள் என்று முதல்முறையாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 7

கணக்குத் தேர்வு. வெளியே வந்து சிரித்தாள்.

மே 16

போச்சு. கணக்கில் முப்பத்தொன்று. நாலே மார்க்கு. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். அவள் ஒருத்தியைத் தவிர வகுப்பு முழுவதும் தேர்ச்சி.

சார் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேனர் அடிப்பவருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார், அவ்வளவுதான்.

அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருந்தா இவருக்குச் சால்வை கெடைச்சிருக்கும். அந்தப் புள்ளைக்கும் இந்த அவமானம் இல்ல. யாருக்காக நல்லவளா இருந்தேன் நான்?

மே 20

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க அத்தாயி மகளோடு வந்தார். மனசு கேட்கவில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தது எதற்கென்றால் — என்று தொடங்கினேன். அவர் மகளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியுமுங்க டீச்சர். பெரியவளுக்கும் இப்படித்தான் ஒரு சார் ஊட்டுக்கு வந்தாருங்க. நொம்ப நல்லவராட்டம் பேசுனாருங்க. கையெழுத்துப் போட்டுட்டனுங்க. அவ இன்னைக்கும் பழந்தான் எடுக்கறா. அதான் உங்களப் பேச உடாம நான் முந்திக்கிட்டனுங்க."

குரலில் கோபமே இல்லை. அடுத்த பரீட்சைக்குச் சொல்லித் தருவீர்களா என்று மட்டும் கேட்டார். தருகிறேன் என்றேன்.

வெகுளி என்று எழுதியிருக்கிறேன் அவரை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஜூலை 25

புவனேஸ்வரி தேறிவிட்டாள். நாற்பத்தாறு. பள்ளியின் தேர்ச்சி விகிதத்தில் இது சேராதாம். சேராவிட்டால் போகட்டும். பிளஸ் ஒன் சேரப்போகிறாள்.

டிசம்பர் 8

மறுபடியும் காப்பிப் பழம், மறுபடியும் காலி பெஞ்சு. சார் இந்த வருடம் இரண்டு பெயர் சொன்னார். நானே போகிறேன் சார் என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

டிசம்பர் 13, சனி

வாழவந்தி கிராமம். சார் சொன்ன இருவரில் முதலில் கவிப்பிரியாவின் வீடு. அவள் அப்பா அம்மாசி என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்தார்கள். "ஏனுங்க டீச்சர், கையெழுத்துப் போடறதுக்குத்தானுங்களா" என்று அவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

முடிக்க விடவில்லை. திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன், தெருவே கேட்கும்படி சத்தமாக.